உள் கணுவில் மட்டும் குளிர்ந்தது

போன வருஷம் மழைக்காலத்தில், கண்டி பஸ் நிலையத்தில் ஆரம்பித்த கதை இது. நான் மடுல்கெல்லைக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஈரமான படியில் வழுக்கி விழுந்ததில் இடது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள்.

எனக்குக் காலைவிட நெஞ்சைப் பற்றித்தான் கவலை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. முன்பு ஒரு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோது மூச்சடைத்து, பிழைப்பேனா என்று கிடந்தவன். இந்தத் தடவை மயக்க மருந்து கொடுக்க வந்த டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். "உங்களை நித்திரையாக்க மாட்டன். காலை மட்டும் விறைக்கப் பண்ணுறன்" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தியேட்டரில், ஸ்கேன் திரையில் நரம்பைத் தேடிப் பார்த்து முழங்காலுக்குப் பின்னால் ஓர் ஊசி, தொடையின் உட்பக்கம் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கால் வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. ஐஸ் கட்டியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சுண்டுவிரல், பாதம், வெளிக் கணு, எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. உள் கணுவில் வைத்ததும் சுரீரென்றது.

"குளிருதோ?"

"இல்ல டொக்டர்" என்றுவிட்டேன். சர்ஜன் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார். என்னால் எல்லோருக்கும் தாமதமா என்று கூச்சம். நாள் முழுக்கக் கத்திப் பிழைக்கிறவனுக்கு அங்கே வாய் வரவில்லை. ஆனால் பாதியில் வலி தாங்காமல் துடித்தால் முழு மயக்கம் கொடுத்துவிடுவார்களே என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டொக்டர், பொய் சொல்லிட்டேன்! அந்த எடத்துல ஜில்லுனு இருக்கு!"

பஸ்ஸில் கத்துகிற குரலிலேயே வந்துவிட்டது. தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அவர் ஏசவில்லை.

"சொன்னது நல்லதாப் போச்சு. அந்த இடத்துக்கு வாறது தொடையால இறங்கிற வேற நரம்பு. அதுக்குப் போட்ட ஊசி சரியாப் பிடிக்கேல்லை. திரும்பப் போடுறன்."

சர்ஜனும் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார்.

அடுத்த தடவை ஐஸ் வைத்தது எனக்குத் தெரியவே இல்லை. டிரில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த டொக்டரோடு பேசிக்கொண்டே கிடந்தேன். ஒரு தடவைகூட மூச்சு இழுக்கவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கி மனைவிக்குக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்றைக்கு அதே காலை ஊன்றித்தான் வேலைக்குப் போகிறேன். வெட்கத்தை விட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த ஒரு நிமிஷம்தான் என் வாழ்க்கையிலேயே நான் துணிந்து நின்ற நேரம் என்று இப்போதும் பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.