கடைசி வரிசைக்குக் கேட்காத படத்திறப்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நாலு நல்ல வார்த்தை எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். நல்ல வார்த்தைகளும் இருக்கின்றன. ஆனால் காரியத்தன்று பட்ட அருவருப்பு இன்னும் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் என்னால் எழுத முடியும்.

அண்ணன் புதுச்சேரிக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா மீன் கூடை சுமந்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். படிப்பைப் பாதியில் விட்டு, புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு மரப்பட்டறையில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் ஓர் இன்னிசைக் குழு அவரிடம் ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கேட்டு வந்தது. உடைத்த படகின் பலகையை அறுத்து, உள்ளே தேங்காய் நாரை அடைத்து, அவர் செய்த பெட்டிகள் ஆள் உயரம் இருக்கும். பாட்டு ஓடும்போது பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பெட்டி அதிர்ந்தால் வார்த்தை கலங்கும் என்று மறுநாளே பிரித்துப் போட்டுவிடுவார்.

பிறகு அந்தக் குழுவுக்கே சவுண்டுக்காரர் ஆனார். கச்சேரி தொடங்கும் முன் ஒரு பாட்டை ஓடவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து போவார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், "யம்மா, பாட்டுல வார்த்த புரியுதா?" என்பார். புரியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்ட மாட்டார். குறைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைப்பார். மாலையெல்லாம் மேடையில் இருப்பவர்களுக்குத்தான் விழும். அவர் அதற்குக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்பட்டது நான்.

காலம் மாறி, நெஞ்சு அதிர்ந்தால்தான் கச்சேரி என்றாகிவிட்டது. குழுத் தலைவர் புது செட் இறக்கி, அண்ணனின் பெட்டிகளைத் தம் வீட்டுக் கொல்லையில் போட்டார். "மழ படாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வந்துவிட்டார். அதன்பின் நுரையீரல் கெட்டு, கோரிமேடு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் படத்திறப்பைத் தலைவரே ஏற்றுக்கொண்டார். "சவுண்டுக்காரருக்கு சவுண்டாலதான் மரியாத செய்யணும்" என்றார். தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார். அதில் அண்ணன் ஒரு மூலையில், நடுவில் இவர். பந்தலில் கூரை தொடப் பெட்டி அடுக்கி, மைக்கைப் பிடித்து எக்கோ போட்டு அழுதார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. திறந்து வைத்த படம் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, "என்னாடி சொல்றாங்க எம்புள்ளய பத்தி?" என்று கேட்டார்.

"எனக்கும் புரியலம்மா" என்றேன்.

வந்தவர்களோ, "ஜமாய்ச்சிட்டாருப்பா" என்று பாராட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இந்த நினைவு நாளுக்காகத் தலைவர் வீட்டுக்கு அண்ணனின் பெட்டிகளைக் கேட்டுப் போனேன். முன்பக்க வலையையும் ஸ்பீக்கரையும் பிடுங்கிவிட்டு உள்ளே கோழி அடைத்திருந்தார். நாரெல்லாம் எச்சம். "சும்மாதான கெடந்துச்சு, தங்கச்சி" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவரிடம் பேசவே பிடிக்காமல் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, புது ஸ்பீக்கர் மாட்டித் தந்தவர் அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவருக்கும், அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட கோரிமேட்டுச் செவிலியருக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. தலைவரும் வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மைக் மட்டும் தர மாட்டோம்.

இன்று பந்தலில் நிற்பவை அண்ணனின் பெட்டிகள். பேச வருகிறவர்கள் முதலில் கடைசி வரிசையைப் பார்த்து, வார்த்தை புரிகிறதா என்று கேளுங்கள். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். தன் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.