மேட்டு ஸ்டேஷனும் எங்கள் எருமையும்

சேலத்தில் எங்கள் தெருவை ஒட்டி, ஓட்டு வீட்டுக் கூரை உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, அதன் தலையில் ஸ்டேஷனைக் கட்டிவைத்திருந்தான் வெள்ளைக்காரன். யார் வீட்டில் என்ன காய்கிறது, எந்த மாமியார் யாரைத் திட்டுகிறாள் என்பதெல்லாம் பிளாட்பாரத்து வேலியில் சாய்ந்தபடியே தெரிந்துவிடும். இந்தக் கண்றாவிக்காகத் தெருப் பெண்கள் ஸ்டேஷனை ஏசாத நாள் கிடையாது. என் சின்ன அத்தை மட்டும் ஏசியதில்லை.

அவளைப் பெண் பார்க்க ஓமலூரிலிருந்து வருவதாக இருந்தது. அன்றைக்கெல்லாம் பெண் பார்ப்பது என்றால் பெண்ணை மற்றவர்கள் பார்ப்பதுதான். அவள் நிமிர்ந்துவிட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். "மூஞ்சியப் பாக்காம எப்படிக் கண்ணு கழுத்த நீட்டறது?" என்று ஏழு வயதுச் சிறுமியான என்னிடம் வந்து அழுதாள் அத்தை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகூட நீயும் ஸ்டேஷனுக்குப் போ. மாப்பிள்ளைய வேலிகிட்டக் கொஞ்ச நேரம் நிக்க வை. கீழிருந்து நான் பாத்துக்கறேன். ஆருகிட்டயும் மூச்சு விடாதே" என்றாள்.

"புடிக்கலீன்னா?"

"வயித்துவலின்னு படுத்துக்குவேன்."

அடம்பிடித்து அப்பாவோடு போனேன். வண்டி வந்தது. அப்பா பெரியவர்களை நலம் விசாரித்துக்கொண்டிருக்க, நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "மாமா, எங்க ஊட்டு எருமையப் பாக்கறீங்களா?" என்றேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மனிதர் மறுபேச்சில்லாமல் வந்தார்.

கீழே எங்கள் புழக்கடையில் அத்தை எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். எருமை சலித்துப்போய் நகர்ந்துகொண்டது. மாமாவும் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார், நின்றார், அப்பா கூப்பிட்டும் அசையாமல் நின்றார். எங்கள் எருமையை அத்தனை ஆசையாகப் பார்த்த மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்தோம். அத்தைக்கு வயிற்றுவலி வரவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றவள் தரையையே பார்த்தாள். மாமாவோ தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு தலையே நிமுத்தலீங்க, என்னா அடக்கம்!" என்று பூரித்தார் மாப்பிள்ளையின் அம்மா.

"மாப்பிள்ளையுந்தானுங்க!" என்றார் தாத்தா. அப்போதே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் மனசே ஆறவில்லை. அத்தை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாள். இந்த அப்பாவி மனிதர் பெண்ணைப் பார்க்காமலே கட்டிக்கொள்ளப் போகிறாரே! கல்யாணத்தன்று பொறுக்கமாட்டாமல் அவர் காதோடு சொல்லிவிட்டேன். "மாமா, அன்னிக்கு அத்தை உங்களப் பாத்துருச்சு. நீங்கதான் எருமையவே பாத்துட்டு நின்னுட்டீங்க."

"ஆமா சாமி, ஏமாந்து போயிட்டேன்" என்ற மாமா தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் தோளும் குலுங்கியது. ஐயோ, நல்ல நாளும் அதுவுமாக இரண்டு பேரையும் அழவைத்துவிட்டேனே என்று பதறி, கையிலிருந்த அதிரசத்தைப் பிட்டு ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தேன்.