கண்ணாடியில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் மெத்தென்று உட்கார இருந்த ஒரே பொருள் ஒரு காரின் பின் சீட்டு. கார் எங்களுடையது இல்லை. சீட்டும் எங்களுடையது இல்லைதான். ஆனாலும் நாலைந்து மாசம் அது எங்கள் கூரை வீட்டில் கிடந்தது. சிவப்புத் தோல் போட்டது. நானும் என் இரண்டு தங்கைகளும் ஒருத்தர்மேல் ஒருத்தர் காலைப் போட்டுக்கொண்டு அதில்தான் தூங்குவோம். மழைக்குத் தரை ஊறினாலும் எங்களுக்குக் கவலை இல்லை.

அந்தக் கார் எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளியுடையது. கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். மெட்ராஸில் யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது வாங்கி வந்த அமெரிக்கக் கார் என்பார்கள். நீளமான மூக்கும் அகலமான பின்பக்கமுமாக இருந்ததால் ஊரில் அதற்குப் படகு என்று பெயர். வந்து ஒரு வருஷம் ஓடியதாம். பிறகு எதுவோ கெட்டுப்போய் மில்லின் தவிட்டுக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். எலி குடும்பம் நடத்தியது. கோழி முட்டை வைத்தது.

என் நைனா லாரி மெக்கானிக். கடை என்று ஒன்றும் கிடையாது, பெரிய ரோட்டோரம் ஒரு புளியமரத்தடிதான். மழை வந்தால் லாரிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு வேலை பார்ப்பார். மில் லாரிக்கும் அவர்தான் மெக்கானிக்.

நான் ஐந்தாவது படித்த வருஷம். முதலாளியின் மகன் காலேஜ் முடித்து ஊருக்கு வந்திருந்தார். அவரைச் சின்னய்யா என்போம். சோழவரத்தில், சண்டைக் காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட பழைய பாதையில் கார் ரேஸ் விடுகிறார்கள், படகைக் கொண்டுபோய் ஓட்டியே ஆகவேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தார். வளைந்து வளைந்து ஓட்டுகிற பந்தயம் இல்லை அது. இரண்டு காரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். கொடி இறங்கியதும் நேராகக் கால் மைல். முதலில் போய்ச் சேர்ந்தவன் ஜெயித்தவன். இருபது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதலாளி நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இதுக்கு உசுரு குடுப்பியாடா?"

"குடுக்கலாம் ஐயா. உள்ள எட்டு சிலிண்டர் கீது. எட்டு ஆனையைக் கட்டி வெச்சா மாதிரி."

"ஆனைக்குத் தீனி போடறவன் நானு. பந்தயத்துல இது ஜெயிச்சிச்சின்னா, ரோட்டு மேல கீதே நம்ம பழைய நெல்லுக் கொட்டா, அத்த நீயே வெச்சிக்கோ. மரத்தடில எத்தினி நாளு குந்திக்கினு இருப்ப?"

அன்றே நைனா ஒரு தகரம் வாங்கிவந்து வெள்ளை பெயிண்ட் அடித்தார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'லாரி கார் ரிப்பேர்' என்று நான் சாக்குக்கட்டியில் எழுத, அதன்மேலேயே கறுப்பு பெயிண்டால் இழுத்தார். வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "இன்னா, போர்டுதான் தொட்டுக்கவா?" என்று அம்மா கேட்பாள்.

அந்தக் காருக்குச் சாமான் எங்கும் கிடைக்காது. லாரிச் சாமானை அரத்தால் ராவி ராவிப் பொருத்தினார். செப்புத் தகட்டைக் கத்தரியால் வெட்டி எஞ்சினுக்கு நடுவில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை எதுவும் கிடையாது. முதல்முதலாக அது உறுமிய அன்று கொட்டகைத் தவிடெல்லாம் பறந்து, உள்ளே இருந்தவர்கள் மாவு பூசிய கூத்தாடிகள் மாதிரி வெளியே வந்தார்கள். பிறகு எடை குறையவேண்டும் என்று வேண்டாததையெல்லாம் கழற்றினார்கள். அப்படித்தான் பின் சீட்டு எங்களுக்கு வந்தது.

பந்தயத்தன்று காலையில் மில்லில் காருக்குப் பூசை. நான் வாயைத் திறக்காத பெண். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் சொல்லமாட்டேன். அன்றைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீதான் சின்ன உடம்பு. உள்ள பூந்து எல்லாத்துக்கும் பொட்டு வை, போ" என்றாள்.

சக்கரத்துக்கு வைத்தேன். மூக்குக்கு வைத்தேன். உள்ளே ஏறி ஸ்டியரிங்குக்கு வைத்தேன். அதற்குப் பின்னால் வட்ட வட்டமாக மூன்று சின்னக் கண்ணாடி. உள்ளே முள் இருந்தது, கடிகாரம் மாதிரி. அதில் ஒன்றில் மட்டும் யாரோ சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். சந்தனம் இல்லாமல் வெறும் சிவப்பு. சந்தனம் வைக்காமல் குங்குமம் வைப்பார்களா? ஆம்பிளைகள் வைத்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் புள்ளியின் மேல் சந்தனத்தை வட்டமாக, கனமாக அப்பினேன். நடுவில் குங்குமம். மற்ற இரண்டுக்கும் சின்னதாக.

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "அட, பொண்ணு எவ்ளோ லட்சணமா வெச்சிகீது பாரேன்" என்றார். என்னை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் வழியிலேயே சூடாகக்கூடாது என்று காரை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். சின்னய்யா காரில். நாங்கள் லாரியில். நைனா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, சோழவரம் வரைக்கும் காரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

முதல் ஓட்டத்தில் படகு ஜெயித்தது. காது அடைத்துப்போகிற சத்தம். நைனாவுக்குக் கை தட்டத் தெரியவில்லை, தொடையைத் தட்டினார். "கொட்டா வந்துச்சிடி" என்றார் அம்மாவிடம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சின்னய்யா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உடனே இரண்டாவது ஓட்டம்.

பாதி தூரம் போயிருக்கும். அம்மிக்கல் பிளந்த மாதிரி ஒரு சத்தம். வெள்ளையும் கறுப்புமாகப் புகை. பக்கத்துக் கார் போய்விட்டது. படகு தானாக உருண்டு போய்ப் புல்லோரம் நின்றது.

நைனா ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். முதலாளியும் அவர் ஆட்களும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். சின்னய்யா இறங்கி நின்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு எறங்கிச்சா சின்னய்யா? செவப்புப் புள்ளிக்குக் கீழ எறங்கினா கால எடுத்துடுங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னனே. ஆயில் ஏறலன்னா அர்த்தம், எஞ்சின் போயிடும்னு சொன்னனே."

"பறக்கற வேகத்துல முள்ளா பார்ப்பாங்க? புள்ளியும் தெரில, ஒண்ணும் தெரில. போய்யா."

நைனா குனிந்து காருக்குள் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்து, எச்சில் தொட்டு, நான் வைத்த பொட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். காய்ந்துபோன சந்தனம் சீக்கிரம் போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் இறங்குவதற்கும் முதலாளி வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. என்றைக்கும் வராத தைரியம் அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ. எல்லோருக்கும் முன்னால், "நைனா, அது நான் வெச்ச..." என்று ஆரம்பித்தேன்.

வாய்மேலேயே ஒரு அறை. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நைனா அதற்குமுன் என்னை அடித்ததில்லை. அதற்குப் பின்னும் அடித்ததில்லை.

"இன்னாடா ஆச்சி?" என்றார் முதலாளி.

நைனா கையைக் கட்டிக்கொண்டார். "ஆயில் கம்மியா ஊத்திட்டேங்க ஐயா. எடை கொறையட்டும்னு பார்த்தேன். என் தப்புதான்."

முதலாளி அவரையும் பார்த்தார், என் உதட்டையும் பார்த்தார். "நீ பண்ண தப்புக்குக் கொயந்தய ஏன்டா அடிக்கிற?" என்றார். நல்ல மனுஷர் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் மில் ஆட்கள் இரண்டு பேர் வந்து பின் சீட்டைத் தூக்கிப் போனார்கள். கடைசித் தங்கை அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தரையில் கிடத்திவிட்டுத் தூக்கினார்கள். மில் லாரி வேறு மெக்கானிக்கிடம் போனது. புளியமரத்தடிக்கு மற்ற லாரிகளும் வருவது நின்றது. எஞ்சினுக்கு ஆயில் ஊற்றத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிய மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? டீக்கடையில் டீ கேட்டால், "எண்ண போதுமா, பார்த்து ஊத்து" என்று பின்னால் இருந்து சிரிப்பார்களாம். கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோனோம். நைனா இரும்புக் கம்பி சுமக்கப் போனார். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அந்தத் தகரம் குளிக்கிற மறைப்புக்குக் கதவானது. எழுத்து உள்பக்கம். குளிக்கும்போது படித்துக்கொண்டே குளிப்பேன்.

இப்போது என் மகன் தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறான். ஒருநாள் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வண்டியை அப்படியே ஓரம் கட்டிவிட்டான். "ஆயில் எறங்கிச்சிம்மா. இத்தப் பார்க்காம ஓட்டினா எஞ்சினு காலி" என்றான். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, ஏன் அழுவுற? சரியாயிடும்" என்றான். நைனா போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

அன்றைக்குச் சோழவரத்திலிருந்து லாரியில் திரும்பும்போது நைனா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் கயிற்றில் கார் வந்துகொண்டிருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது நான் விழுந்துவிடாமல் இருக்க என் பக்கம் கையை நீட்டினார். நான் நகர்ந்துபோய் அம்மாவோடு ஒட்டிக்கொண்டேன். நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை நுனியில் மஞ்சளும் சிவப்புமாக என் சந்தனம் காய்ந்திருந்தது. அவ்வளவு லட்சணமாக வைத்ததை இப்படி அழித்துவிட்டாரே என்றுதான் எனக்கு ஆத்திரம். வீடு வந்து சேரும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.