சாக்கடையும் மழைவாயும்

என் அண்ணனைப் போல் சுத்தம் பார்க்கிற மனிதனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. வண்டி கழுவும் கடை வைத்திருப்பவனுக்கு நகத்தில் துளி அழுக்கு இருக்காது என்றால் யார் நம்புவார்கள்? தெருவே அவனைப் ‘பளபளா’ என்றுதான் கூப்பிடும். டீசல் அடித்து, கிரீஸைக் கரைத்து, நுரை போட்டு, வண்டியைப் புது மாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைப்பான். பிறகு அந்தக் கறுப்புத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளி, கடை வாசலில் இருக்கும் கம்பி மூடிக்குள் இறக்கிவிடுவான்.

“அது எங்கண்ணே போகுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாக்கடை எங்க போகும்? சுத்தம் பண்ற இடத்துக்குத்தான். சாப்பாட்டை வச்சிட்டுக் கிளம்பு.”

கிளம்பிவிட்டேன். அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஏரியில் மீன் பிடிப்பதுதான் பிழைப்பு. கரையில் ஒரு பெரிய குழாய் வாயைப் பிளந்து நிற்கும். மீன்காரர்கள் அதை மழைவாய் என்பார்கள். மழை பெய்தால் புதுத்தண்ணீர் அதன் வழியாக இறங்கும், மீன் கூடும். இவர் படகைக் கட்டுவதும் அங்கேதான்.

நாலு மாத வறட்சிக்குப் பிறகு இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் விடியாததுமாக வலையோடு ஓடியவர் வெறுங்கையோடு திரும்பினார். மழைவாயைச் சுற்றி எண்ணெய்ப் படலமாம், மீனெல்லாம் செத்து மிதக்கிறதாம். அன்றைக்கு ஆணியில் மாட்டிய வலையை அவர் எடுக்கவே இல்லை.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! “எந்தப் படுபாவி மாப்ளே இதைப் பண்ணினது? அவனைச் சும்மா விடக் கூடாது!” என்று குதித்தான். அக்கரைத் தொழிற்சாலைதான் என்று அவனாகவே முடிவுகட்டி, மனு எழுதி, இவரையும் இழுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான்.

கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா சிவப்புச் சாயத்தோடு வந்தார். தெரு மூடிகளில் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்றார். “முதல்ல என் கடையிலிருந்து ஆரம்பிங்க” என்று அண்ணனே மூடியைத் திறந்துவிட்டான். சாயம் உள்ளே போனதும் எல்லோரும் கரைக்கு நடந்தோம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மழைவாயிலிருந்து சிவப்பாக வந்த தண்ணீர் இவருடைய படகைச் சுற்றிக்கொண்டது.

“இது சாக்கடைதானேம்மா?” என்று அண்ணன் கேட்டான்.

“இல்லீங்க. சாக்கடைக்கு வேற குழாய். இது மழைத்தண்ணி மட்டும் போறதுக்கு. நேரா ஏரிதான், நடுவுல யாரும் சுத்தம் பண்றதில்ல. நாலு மாசமா குழாய்க்குள்ள தேங்கின எண்ணெயெல்லாம் இந்த மழையில மொத்தமா இறங்கியிருக்கு.”

தெருவில் இன்னும் எத்தனையோ கடைக்காரர்கள் அப்படித்தான் ஊற்றுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தினமும் மதியம் கால் நனையாமல் அந்தத் தண்ணீரைத் தாண்டிப்போனவள் நான்தானே?

சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“மாப்ளே, அந்தப் படுபாவி நான்தான்.”

இவர் கை ஓங்கிவிடுவாரோ என்று பயந்துபோனேன். இவரோ ஆணியில் கிடந்த வலையை எடுத்து, நிதானமாக மடித்துப் பரண்மேல் போட்டார்.

“ஏரி தேற ரெண்டு வருஷமாவது ஆகும்னு அந்தம்மா சொன்னாங்க. அதுவரைக்கும் உங்க கடையில எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க மச்சான்” என்றார். “வண்டி கழுவத்தானே? கத்துக்கிட்டாப் போச்சு.”

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்து, அழுக்கில்லாத அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.