முன் இருக்கை

என் நண்பருக்குக் கிடைத்த ஒரு விமானப் பாடத்தை நான் கெடுத்தேன். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை; உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன். அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அவர் சூளைப் பிரிவில் டெக்னீஷியன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இருபது வருடப் பழக்கம். பஹ்ரைனில் நர்ஸாக இருந்த அவருடைய மகள், அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு விமானம் ஓட்டிப் பார்க்க ஒரு பாடம் பதிவு செய்திருந்தாள். பழங்காலத்து விமானம். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. முன் இருக்கையில் கற்றுக்கொள்பவர், பின்னால் பயிற்சியாளர்.

"கூட வாங்க அண்ணாச்சி, போட்டோ எடுக்க ஆள் வேணும்லா" என்றார்.

கல்லூரி முடித்ததும் விமானப்படைக்கு விண்ணப்பித்து, கண்பார்வையால் தள்ளப்பட்டவன் நான். கனடாவிலிருக்கும் என் மகன் பிறந்தநாளுக்குப் போனில் கேக் படம் அனுப்புவான். ஒருநாளும் விமானத்தை அண்ணாந்து பார்க்காத மனிதருக்கு இது எதற்கு என்று இரண்டு வாரம் புழுங்கினேன்.

பாடத்தன்று காலை விமானக் கிளப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, இதயம், வலிப்பு, மயக்கம் என்று கேள்விகள். அவர் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று மளமளவென டிக் அடித்தார். இங்கே எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். மெடிக்கலில் அன்ஃபிட் என்றால் விசா போய்விடும்.

ஏழு வருடங்களுக்கு முன் ஆகஸ்ட் வெக்கையில் அவர் சூளையருகே மயங்கி விழுந்திருந்தார். "ரிப்போர்ட்ல எழுதிராதீங்க அண்ணாச்சி, பிள்ள படிச்சிட்டிருக்கா" என்று கையைப் பிடித்தார். நான் எழுதவில்லை. எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

அவர் கிளப்பில் கொடுத்த தோல் தொப்பியை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பயிற்சியாளரிடம் போனேன். இவர் வேலையிடத்தில் மயங்கி விழுந்தவர் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்த நல்ல மனிதர், வயதைக் காரணம் காட்டி, டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஏற்ற முடியாது என்று நண்பரிடம் சொல்லிவிட்டார்.

"கலாஸ், முடிஞ்சுது. பிள்ள குடுத்தது வீணாப் போவ வேண்டாம், நீங்க ஏறுங்க அண்ணாச்சி." தொப்பியைக் கழற்றி அவரே என் தலையில் மாட்டினார்.

என் வயதுக்கு ஏன் சான்றிதழ் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. படிவத்தில் 'இல்லை' என்றே அடித்தேன்.

காற்று முகத்தில் அறைந்தது. இறக்கைகளுக்கு நடுவே கட்டிய கம்பிகள் ஊளையிட்டன. ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்ததும் கடல் மொத்தமும் சரிந்து வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறங்கியதும் அவர் ஓடி வந்தார். "எப்படி இருந்துச்சு, சீக்கிரம் சொல்லுங்க. மக கூப்பிடுவா, நாந்தான் பறந்தேன்னு சொல்லணும். இல்லன்னா அழுவா."

காற்றையும் கம்பிகளையும் கடலையும் சொன்னேன். பக்கத்தில் நின்றபடியே அதை வரி பிசகாமல் மகளிடம் ஒப்பித்தார். "பயமா? உங்கப்பனுக்கா?" என்று சிரிக்கவும் செய்தார்.

மூன்று மாதம் பொறுத்து, அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். 

"ஆசையா இருக்குன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார்.

அதே விமானத்தில் அவருக்கு இன்னொரு பாடம் பதிவு செய்து கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். டாக்டரிடம் அவராகப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். மகள் லீவில் வந்தபோது இருவருமாகப் போய்விட்டு வந்தார்கள், என்னைக் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் பார்த்தேன். முன் இருக்கையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார், கீழே மகள் கையாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் போன் செய்தால் எடுக்கிறார், சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். அவராகக் கூப்பிடுவதில்லை.