சலூன்காரரின் இடப்பக்கம்

அக்காவின் ஒரு கை சலூன்காரரின் தோளிலும் மறு கை அவர் இடுப்பிலும் இருந்தன. ஒரே இழுப்பில் அவரை வலப்பக்கமாக உருட்டினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள், முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. பிறகு, மேலே தெரிந்த இடது இடுப்பெலும்பின் மீதிருந்த சிவப்பு வட்டத்தை விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் ஒரு நொடி வெளுக்கும். இது வெளுக்கவில்லை.

"என்னக்கா, பழுத்திருச்சா?" என்றார் அவர், யார் வீட்டுப் பழத்தையோ விசாரிப்பது போல.

"பழுத்தா நேரா ஆஸ்பத்திரிதான். அங்க வைஃபை கிடையாது, பாத்துக்குங்க."

அக்கா நர்ஸ் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள். போகும் வீட்டில் எல்லாம் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த சலூன்காரருக்கும் அக்கா, அவர் மகளுக்கும் அக்கா. சலூன்காரர் தன் கடைப் பலகையைத் துடைக்க ஏணியில் ஏறி, முதுகு அடிபட விழுந்தவர். கைகளுக்கு ஒன்றுமில்லை. கால்களுக்கு மட்டும் இன்னும் பலம் வரவில்லை. தோல் கிழியாமல் இருந்தால் அடுத்த மாதம் பிடித்து நிற்கப் பழக்கலாம், கிழிந்தால் எல்லாம் தள்ளிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் அந்தச் சிவப்பு வட்டம்தான் கவலை.

மூன்று பேரில் ஒருவருக்கு வேறு வேலையும் இருந்தது. சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எதையாவது ஆரம்பிப்பார்கள், முடி வெட்டி முடிந்ததும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அப்படிச் சேர்ந்த பாதிக் கதைகள் சலூன்காரர் தலைக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. படுத்த பிறகு மகள் வாங்கித் தந்த போனில், ஒவ்வொன்றாக மீதியைத் தேட ஆரம்பித்தார். செத்த பிறகும் முடி வளருமா என்று இரண்டு பேர் கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வளராது, தோல் சுருங்குவதால் அப்படித் தெரிகிறது என்று இப்போதுதான் படித்தார். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது பொய் என்று தெரிந்த அன்று மட்டும் போனைக் கவிழ்த்து வைத்தார். எத்தனை தாய்மார்களுக்கு அவரே சொல்லியிருப்பார்.

வட்டம் ஏன் ஆறவில்லை என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அந்த இடது இடுப்பில் பாரம் விழக்கூடாது என்று அவரை வலப்பக்கமும் மல்லாந்தும் மாற்றி மாற்றித்தான் படுக்க வைத்தாள். விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா பார்த்தாள். சோப்பை மாற்றினாள். ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் மல்லாந்து கிடப்பார், முதுகுத் தலையணை தரையில் கிடக்கும். "தூக்கத்துல விழுந்திருக்கும்" என்பார்.

மகள் அடுத்த அறையில் இருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறவள். அவளும் கேட்டுவிட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேரா நேரத்துக்குத் திருப்பி விடுறீங்கதானே?"

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? மறுநாள் அக்கா மாடிக்குத் துணி காயப் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள்.

சலூன்காரர் பீரோவைப் பார்த்துப் படுத்திருந்தார். போனைத் தலைக்கு மேல் தூக்கினார். கால் பக்கம் நீட்டினார். உச்சுக் கொட்டினார். முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையை உருவிக் கீழே போட்டார். கத்தரி பிடித்துப் பழகிய அந்தக் கை பின்னால் வந்து கட்டில் கம்பியைப் பிடித்தது. ஒரு சுண்டு சுண்டி, உடம்பை இடப்பக்கம் புரட்டினார். திரும்பியவர் முகத்துக்கு நேரே அக்கா, கையில் செருப்போடு.

"போச்சு" என்றார்.

"தினம் இதுதான் நடக்குதா? என் செருப்புச் சத்தம் கேட்டதும் மல்லாந்துக்குவீங்களா?"

"அந்தப் பக்கம் படுத்தா சுத்துதுக்கா."

"தலையா?"

"தலை நல்லாத்தான் இருக்கு. போன்ல ஒரு வட்டம் வருமே, அது. இந்தப் பக்கம்னா கடகடன்னு வருது."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன அண்ணே?"

"சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்க. என் மக ஏற்கனவே கண்ணு வச்சிருக்கா."

அக்காவின் கை போனை வாங்க நீண்டிருந்தது. அதை மடக்கிக்கொண்டாள். பிடுங்கினால் இவர் நாளெல்லாம் பீரோவைப் பார்த்துக் கிடப்பார். அப்படிக் கிடக்கிறவருக்குச் சோறு இறங்காது. சோறு இறங்காவிட்டால் தோல் ஆறாது. அவள் பார்க்காத ஆட்களா?

அவர் சொல்வதையும் அப்படியே நம்பிவிட முடியாது. சாயங்காலம் அவரைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு கட்டிலில் அவர் படுத்த மாதிரியே வலப்பக்கம் படுத்தாள். முகத்துக்கு எதிரே இரும்பு பீரோ, முதுகுக்குப் பின்னால் கதவு. வட்டம் சுற்றியது. இடப்பக்கம் திரும்பினாள். படம் ஓடியது. மறுபடி வலப்பக்கம்.

"வசதியா இருக்கா அக்கா? இன்னொரு தலையணை தரட்டுமா?" வாசலில் மகள் நின்றாள்.

சலூன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "வைஃபை பொட்டி உங்க ரூம்ல எந்த மூலையில இருக்கு?"

மகள் கதவுக்கு வெளியே கை காட்டினாள்.

"அப்ப சரி. நடுவுல உடம்பு மறைக்குது, எதிர்ல பீரோ. அதான் உங்கப்பா நான் திருப்பி விட்டதும் கதவுப் பக்கம் புரண்டுக்கிறாரு. புண்ணு வைஃபையால வருது."

மகள் நம்பாமல் போனை வாங்கி, நின்றபடியே ஆட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஏன்ப்பா, இதுக்காகவா?"

"திமிங்கலம் எப்படித் தூங்கும்னு பாக்கணும்மா. கப்பல்ல வேலை பாத்த ஒருத்தர், நின்னுக்கிட்டே தூங்கும்னாரு. நான் நம்பல. அதுக்குள்ள தாடி எடுத்து முடிஞ்சது, போயிட்டாரு."

பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்த வயர் எட்டாது, இந்த அறைக்கும் ஒன்று மாட்ட ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றாள் மகள். தோல் ஒரு வாரம் காத்திருக்காது என்றாள் அக்கா. பீரோ வேறெங்கும் கொள்ளாது. அன்று ராத்திரி போன் மகளிடம் இருக்கட்டும் என்று மட்டும் முடிவானது. சலூன்காரர் முனகிக்கொண்டே வலப்பக்கம் படுத்தார்.

மறுநாள் காலை அவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்த அக்கா, விரிப்பை மாற்றும்போது தலையணையைக் கால்மாட்டில் போட்டாள். அவ்வளவுதான். தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுக்க வைத்து, போனைக் கையில் கொடுத்துவிட்டு, அவரைத் திருப்பாமலேயே சமையலறைக்குப் போனாள். தண்ணீர் சூடாக்கி எடுத்து வந்தபோது, அவர் தானாகவே கதவைப் பார்த்துப் புரண்டிருந்தார். இப்போது கதவு இருந்தது அவருடைய வலப்பக்கம்.

"கப்பல்காரர் பொய் சொல்லல அக்கா. இங்க வாங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நீல நீருக்குள் பெரிய பெரிய திமிங்கலங்கள் தலை மேலே, வால் கீழே என்று தூண்களைப் போல அசையாமல் நின்றன. தூங்குகின்றனவாம்.

"இதுகளுக்குப் படுக்கைப் புண்ணே வராது" என்றாள்.

சிவப்பு வட்டத்தை அழுத்திப் பார்த்தாள். நடுவில் அப்படியேதான் இருந்தது. ஓரம் மட்டும் லேசாக வெளுத்தது. இனி வலது இடுப்பையும் கவனிக்க வேண்டும். அது சிவப்பதற்கு முன் தலையணை மறுபடி பழைய தலைமாட்டுக்கே போகும். முதுகுக்கு அணை கொடுத்துவிட்டு, ஈரத் துணி வாளியைத் தூக்கினாள்.

கதவருகில் நின்றாள். "ஒட்டகச்சிவிங்கி அவ்வளவு கழுத்தை வச்சுக்கிட்டு எப்படிப் படுக்குது? பாத்து வைங்க. துணி காயப் போட்டுட்டு வரேன்."

இந்த முறை நிஜமாகவே மாடிக்குப் போனாள்.