இசக்கிச்செல்வி வைத்த கசாயம்

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் இசக்கிச்செல்வி இருபத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளினாள். அட்டை கடித்ததற்கோ குளிர் வாட்டியதற்கோ ஒரு நாளும் அழுததில்லை. தம்பி தேவேந்திரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று சொன்ன அன்றுதான் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கிடுங்க" என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். பொருத்தம் பார்த்தார்கள், பொருந்தியது. அவளுடைய சிறுநீரகம் அவனுக்குள் போய் ஒழுங்காக வேலை செய்தது.

எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையிறங்கிய வருஷம், அக்காளும் தம்பியும் மணிமுத்தாறில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். இறங்கினால் ஊரெல்லாம் காய்ச்சல். கொரோனா வந்துபோன பிறகு எதிர்ப்புச் சக்தி என்று சொல்லாத வாயே கிடையாது. காய்கறிக்காரர்கூட அதைச் சொல்லித்தான் வாடிய முருங்கைக்கீரையைத் தலையில் கட்டுவார். ஆஸ்பத்திரியிலோ, "தம்பிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குறைந்தால் கூட்ட வேண்டியதுதானே? வேறென்ன யோசிப்பாள் அவள்? வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை வெட்டி, தினமும் காலையில் கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

"கசக்குதுக்கா."

"ஏலே, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும் தவறவில்லை, கசாயமும் தவறவில்லை.

மூன்றாம் மாதம் அவனுக்குக் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் அக்காள் கொடுத்த சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அவன் உடம்பு அதை ஏற்காமல் தாக்குவது தெரிந்தது. டாக்டர் சுபைதா பேகம் அவளைத் தனியே உட்கார வைத்து, "மாத்திரை போக வேற எதுவும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். அவள் பெருமையாகவே சொன்னாள்.

டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் டி அணுக்கள் என்று உண்டு, எல்லாம் ஒரே வேலை பார்ப்பதில்லை. உதவி அணு தானாக எதையும் கொல்லாது, அந்நியச் சதையைக் கண்டால் மற்றவற்றைக் கூப்பிடும். கொல்லும் அணுக்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் பாயும். போதும் என்று அடக்குகிற அணுக்களும் இருக்கின்றன.

"கங்காணி சத்தம் குடுத்தாத்தான் நாங்க கொழுந்துல கை வைப்போம். அது மாதிரியா?"

"அதேதாம்மா. அந்தக் கங்காணி வாயை அடைக்கத்தான் மாத்திரை. கசாயந்தான் எழுப்பிவிட்டுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடுத்திருக்கக் கூடாது."

எதிர்ப்புச் சக்தி தானாகக் குறையவில்லை, வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். தன் கையாலேயே தம்பியைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"ஒரே வயித்துல பெறந்தவ நான். நான் அவனுக்கு அந்நியமா?"

"ஒடம்புக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

மூன்று நாள் கடும் மருந்து ஏற்றினார்கள். பலனில்லை, சிறுநீரகம் செத்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்குல்லா, அதையும் எடுத்துக்கிடுங்க" என்றாள்.

"அதை எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்க. எடுத்து வச்சாலும் நிக்காது. இந்த அணுக்கள்ல ஞாபகம் வச்சுக்கிடுததும் உண்டு. உங்க சதையை இனி அவர் ஒடம்பு மறக்கவே மறக்காது."

வார்டில் தேவேந்திரனின் ரத்தம் மறுபடியும் டயாலிசிஸ் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காளைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க வந்து நாலு நாளாக் கசாயம் குடிக்கலைல்லாக்கா. அதான் நோவு முத்திட்டுன்னு நெனைக்கேன். நாளைக்குக் கொண்டாரியா?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"சரிலே" என்றாள்.